ட்வில் பட்டு ப்ளவுஸ்: இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் பச்சை. எங்கே தப்பு செய்தேன்?

நகரி தையல்:

வணக்கம். நகரியில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் தைக்கிறேன். பதினாலு வருடம் ஆகிறது. வாடிக்கையில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. பட்டு ப்ளவுஸ் எவ்வளவோ தைத்த கைதான். ஆனால் போன வாரம் வந்த ஒரு துணி எனக்குத் தண்ணி காட்டிவிட்டது.

ஒரு டீச்சர் கொண்டுவந்தார். ஒரு மீட்டர், 44 இன்ச் அகலம், மயில்கழுத்து நிறம். கடையில் "ட்வில் பட்டு, சுத்தமான பட்டு" என்று சொல்லிக் கொடுத்தார்களாம். நம் பட்டுப்புடவை மாதிரி விறைப்பே இல்லை. மேஜையில் வைத்தால் வழுக்கிக்கொண்டு கீழே போகிறது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் துணி முழுக்கப் பொடிப்பொடியாகச் சாய்ந்த கோடு.

கிராஸ் கட் கேட்டார், அதாவது நூல் சாய்வாக ஓடும்படி வெட்டுவது. ராத்திரி டியூப் லைட்டில் உட்கார்ந்து, வழக்கமாகப் பட்டுக்கு எப்படி வெட்டுவேனோ அப்படியே முன்பக்கம் இரண்டும் முதுகும் வெட்டினேன். கை இரண்டும் இன்னும் வெட்டவில்லை, நல்லவேளை. காலையில் வாசல் வெளிச்சத்தில் முன்பக்கம் இரண்டையும் சேர்த்து வைத்தேன். இடது பக்கம் நீலமாக இருக்கிறது, வலது பக்கம் பச்சையாக இருக்கிறது! கோடு மட்டும் இரண்டிலும் ஒரே மாதிரி நேராக நிற்கிறது. முதுகுப் பக்கம் நீலம்.

சாயம் ஒழுங்காக ஏறாத துணியா? ட்வில் என்றால் ஜீன்ஸ் துணிதானே, பட்டில் எப்படி வரும் என்று என் மகன் கேட்கிறான். இது பட்டுதானா? கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கோடைக்காற்று:

மகன் சொன்னதுதான் சரி அக்கா. ட்வில் என்றால் பேண்ட் துணி, காட்டன். பட்டில் ட்வில் கிடையாது. பாலியெஸ்டரைத் தலையில் கட்டியிருக்கிறார்கள், அதிலும் சாயம் திட்டுத்திட்டாக. திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பழைய குழித்தறி:

தம்பி, அவசரப்படாதே. பட்டில் ட்வில் உண்டு.

எனக்கு வயது எழுபத்தொன்று. ஊர் பொதட்டூர்பேட்டை. பதினேழு வயதில் காஞ்சிபுரம் போய்ப் பட்டுத்தறிக் குழியில் கால் விட்டு உட்கார்ந்தேன். பிறகு ஊர் திரும்பி லுங்கி. அதற்குப் பிறகு பவர்லூம், அதில் காது பாதி போனது. இப்போது பேரன் வாங்கிக் கொடுத்த போனில் எல்லாருடைய சண்டையையும் படித்துக்கொண்டிருக்கிறேன். நகரி மூக்கு மலையைப் பார்த்து வளர்ந்தவன், அதனால் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

அம்மா, முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். பட்டு என்பது நூல். ட்வில் என்பது மிதி. எந்த நூலைப் பாவாக, அதாவது நீளவாக்கு நூலாக, தறியில் ஏற்றினாலும் மிதிகட்டையை மிதிக்கிற வரிசையை மாற்றினால் துணி மாறும். பருத்தியில் ட்வில் போட்டால் பேண்ட் துணி, கம்பளியில் போட்டால் கோட்டுத் துணி, பட்டில் போட்டால் உங்கள் மேஜையில் வழுக்குகிற துணி.

பாவு நூல்களைத் தூக்கி இறக்குவது விழுது. சாதா நெசவுக்கு இரண்டு விழுது போதும். ஊடை, அதாவது குறுக்கு நூல், ஒரு பாவு நூலுக்கு மேலே போகும், அடுத்ததற்குக் கீழே போகும். அடுத்த வரிசையில் அதற்கு நேர் எதிர். காஞ்சிபுரம் புடவையின் உடல் இப்படித்தான். ட்வில்லுக்குக் குறைந்தது மூன்று விழுது வேண்டும். ஊடை இரண்டு பாவு நூலுக்குக் கீழே போய் ஒன்றின் மேலே வரும். அடுத்த வரிசையிலும் அதே கணக்கு, ஆனால் ஒரு நூல் தள்ளி. அதற்கடுத்து இன்னும் ஒரு நூல் தள்ளி. அப்படித் தள்ளித் தள்ளிப் போவதுதான் படிக்கட்டு மாதிரி சாய்ந்த கோடாகத் தெரிகிறது. வீட்டில் மூங்கில் முறம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பல முறங்களில் பட்டை இரண்டைத் தாண்டி இரண்டுக்குள் நுழைந்து, வரிசைக்கு வரிசை ஒன்று தள்ளிப் போயிருக்கும். முறம் முடைகிறவர்களுக்கு ட்வில் என்ற பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

நூலும் நூலும் மாட்டிக்கொள்கிற இடம் இதில் குறைவு. அதனால் நூலுக்கு அசைய இடம் இருக்கும், துணி குழைந்து விழும், கசங்கலும் சீக்கிரம் தெரியாது. விறைப்பு இல்லையே என்று நீங்கள் சந்தேகப்பட்டது இதனால்தான். விறைப்பை வைத்துப் பட்டை எடை போடாதீர்கள்.

இனி நிறத்துக்கு வருகிறேன். உங்கள் மகன் ஜீன்ஸ் என்றானே, அந்தப் பிள்ளை தெரியாமலேயே விடையைச் சொல்லிவிட்டான். அவன் ஜீன்ஸ் காலை மடித்துப் பாருங்கள். வெளியே நீலம், உள்ளே வெள்ளை. ஏன்? பாவு நீலம், ஊடை வெள்ளை. ஊடை மூன்று பாவுக்குக் கீழே ஓடி, ஒன்றுக்கு மட்டும் மேலே தலை காட்டுகிறது. அதனால் வெளியே முக்கால் பங்கு நீலம், உள்ளே முக்கால் பங்கு வெள்ளை. ஒரே துணி, இரண்டு முகம்.

உங்கள் துணியின் ஓரத்தில் நீளவாக்கில் ஒரு நூலும் குறுக்குவாக்கில் ஒரு நூலும் உருவிப் பாருங்கள். பாவு நீலமும் ஊடை பச்சையுமாகத்தான் வரும், பந்தயம். மயில்கழுத்தை அப்படித்தான் நெய்வோம். சாதா நெசவில் இரண்டு நிறமும் சரிபாதி தெரியும், எந்தப் பக்கம் புரட்டினாலும் ஒன்றுதான். மூன்று விழுது ட்வில்லில் முன்பக்கம் இரண்டு பங்கு நீலம், பின்பக்கம் இரண்டு பங்கு பச்சை. சாயக்காரர்மேல் பழி போடாதீர்கள், அவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

தப்பு எங்கே என்று கேட்டீர்கள். கோடு இரண்டிலும் ஒரே மாதிரி நிற்கிறது, நிறம்தான் வேறு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் துணியை மடித்து வெட்டவில்லை. ஒற்றையாகப் போட்டு, ஒரே அளவு அட்டையை ஒரே வாக்கில் இரண்டு தடவை வைத்து வெட்டி, ஒன்றைப் புரட்டி வலது பக்கமாக ஆக்கியிருக்கிறீர்கள். பட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதானே என்ற நினைப்பு. மடித்து வெட்டியிருந்தால் நிறம் ஒன்றாக இருந்திருக்கும். ஆனால் கிராஸ் ஆனதால் ஒரு பக்கம் கோடு நிற்கும், மறுபக்கம் படுத்துக்கொள்ளும்.

ட்வில் கோட்டைத் தலைகீழாக்கினால் சாய்வு மாறாது, புரட்டினால் மாறிவிடும். காகிதத்தில் ஒரு சாய்கோடு போட்டு விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அதனால் ட்வில்லில் கிராஸ் கட் போட்டால் நிறம் சேர்ந்தால் கோடு சேராது, கோடு சேர்ந்தால் நிறம் சேராது. கிராஸ் இல்லாமல் நேர்நூலில் வெட்டி, உடம்புக்கு ஏற்ப மடித்துத் தைக்கிற டாட் பிடிப்பதுதான் ஒரே வழி.

பட்டா இல்லையா என்பதை உருவிய நூலை எரித்துப் பாருங்கள். இரண்டு நூலையும் தனித்தனியாக. சேர்த்து எரித்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நகரி தையல்:

ஐயா, நீங்கள் என் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா? அப்படியேதான் வெட்டினேன். ஒற்றையாகப் போட்டால் கால் மீட்டர் மிச்சமாகும், டீச்சருக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஆசை.

நூல் உருவிப் பார்த்தேன். நீளவாக்கில் நீலம், குறுக்கே பச்சை. எங்கள் தெருத் தறிக்காரர்கள் தெலுங்கில் படுகு, பேக என்று பேசிக்கொள்வது பதினாலு வருடமாகக் காதில் விழுகிறது. எது எது என்று இன்றைக்குத்தான் கைக்குத் தெரிந்தது.

எவர்சில்வர் தட்டில் வைத்து எரித்தேன். நீல நூல் சுருண்டு மெதுவாக எரிந்தது. தீக்குச்சியை எடுத்ததும் தானாக அணைந்தது. முடி பொசுங்கிய நாற்றம். மிச்சம் கறுப்பாக இருந்தது, விரலில் நசுக்கினால் பொடியாகிவிட்டது. சந்தோஷப்பட்டேன். அப்புறம் பச்சை நூல். குப்பென்று பிடித்துக் காகிதம் மாதிரி எரிந்தது. முடி நாற்றம் துளியும் இல்லை. லேசான சாம்பல்.

இப்போது என்ன சொல்வது? பட்டா, இல்லையா?

வெங்கடகிரி மாணவன்:

அக்கா, பாதி பட்டு. வெங்கடகிரியில் கைத்தறித் தொழில்நுட்பம் படிக்கிறேன், போன செமஸ்டரில்தான் இந்தச் சோதனையெல்லாம் செய்தோம்.

நீலம் பட்டுதான், நீங்கள் சொன்ன அடையாளம் எல்லாம் பொருந்துகிறது. பச்சை பாலியெஸ்டர் இல்லை. பாலியெஸ்டர் என்றால் உருகிச் சுருங்கி, நசுங்காத கெட்டி மணியாக நிற்கும். காகிதம் மாதிரி எரிவது பருத்தியாக இருக்கலாம், மரக்கூழிலிருந்து செய்கிற விஸ்கோஸாகவும் இருக்கலாம். இரண்டும் செல்லுலோஸ் என்ற தாவரப் பொருள்தான், தீயில் வித்தியாசம் தெரியாது. தண்ணீரில் தெரியும். ஒரு பச்சை நூலை நனைத்து இழுத்துப் பாருங்கள். விஸ்கோஸ் ஈரத்தில் பலம் இழந்துவிடும், பட்டென்று அறும். பருத்தி ஈரத்தில் இன்னும் உறுதியாகும். பளபளப்பு இருக்கிறது என்பதால் விஸ்கோஸ் என்றுதான் நினைக்கிறேன்.

இப்படிப் பாவு பட்டாகவும் ஊடை வேறாகவும் நெய்வது குற்றமில்லை, நல்ல துணிகள் அப்படி நிறைய இருக்கின்றன. "சுத்தமான பட்டு" என்று சொல்லி விற்றதுதான் தப்பு. அடுத்த தடவை டீச்சரை சில்க் மார்க் சீட்டு பார்த்து வாங்கச் சொல்லுங்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004 முதல் நடக்கிறது. முழுப் பட்டுக்கு மட்டும்தான் அந்தச் சீட்டு.

கடையில் பெயர்களைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். சாட்டின், கிரேப், ஜார்ஜெட், ஆர்கன்சா எதுவும் தனிப் பட்டு கிடையாது. சாட்டினில் குறைந்தது ஐந்து விழுது. நூல் ஐந்தில் நான்கைத் தாண்டி மிதக்கும். மாட்டுகிற புள்ளிகள் அடுத்தடுத்து வராமல் சிதறிக் கிடப்பதால் கோடே தெரியாது, கண்ணாடி மாதிரி பளபளக்கும், நகம் பட்டால் இழுத்துக்கொள்ளும். கிரேப்பும் ஜார்ஜெட்டும் சாதா நெசவுதான், ஆனால் நூலை மிகக் கடுமையாக முறுக்கியிருப்பார்கள். அந்த முறுக்குதான் சொரசொரப்பு. ஆர்கன்சாவில் பட்டின் மேலுள்ள செரிசின் என்ற கோந்தைப் போக்காமல் விட்டுவிடுவார்கள், அதனால் விறைப்பு. மற்ற பட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் வேகவைத்து அந்தக் கோந்தை எடுப்பார்கள். நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதிலேயே போய்விடும். ட்வில் பட்டிலேயே சூரா, ஃபுலார் என்று பெயர்கள் உண்டு. பிரான்சில் எர்மெஸ் 1937 முதல் விற்கிற 90 சென்டிமீட்டர் சதுரக் கழுத்துத் துணி ட்வில் பட்டுதான். கோடைக்காற்று அண்ணன் கவனிக்க!

பட்டுத்துணியின் கனத்தை மொம்மே என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு மொம்மே என்றால் சதுர மீட்டருக்கு 4.34 கிராம். 14 மொம்மே துணி உங்கள் 44 இன்ச் அகலத்தில் ஒரு மீட்டர் எடுத்தால் 68 கிராம் போல நிற்கும். இதை...

பழைய குழித்தறி:

தம்பி, பாடம் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அம்மாவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது, மூன்று வருடம் இல்லை.

கட்டிங் மாஸ்டர், திருத்தணி:

பெரியவர் சொன்னது எல்லாம் சரி. ஒன்றே ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. ட்வில்லில் கிராஸ் கட் போடலாம், கோடும் சேரும், நிறமும் சேரும். மடித்து வெட்டக்கூடாது, அவ்வளவுதான்.

சகோதரி, துணியை நீலப் பக்கம் மேலே இருக்கும்படி ஒற்றையாகப் போடுங்கள். இடது முன்பக்க அட்டையின் நடுக்கோடு சாய்ந்த கோட்டின் மேலேயே வரும்படி வைத்து வெட்டுங்கள். வலதுக்கு அட்டையைப் புரட்டுங்கள். துணியைப் புரட்டாதீர்கள், அட்டையை மட்டும். புரட்டிய அட்டையின் நடுக்கோட்டையும் அதே சாய்வுக் கோட்டின் மேல் வையுங்கள். மடித்து வெட்டும்போது இரண்டாவது அட்டை எதிர்ச் சாய்வில் போய்விடுகிறது, அதனால்தான் கோடு படுக்கிறது. நாம் வலுக்கட்டாயமாக அதே சாய்வுக்குக் கொண்டுவருகிறோம். துணி கொஞ்சம் அதிகம் தின்னும்.

ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். பாவு நெருக்கமாக இருந்தால் கோடு 45 டிகிரிக்கு மேல் நிமிர்ந்து போகும். பட்டில் பெரும்பாலும் அப்படித்தான். கோட்டையே நம்பி வைத்தால் சரியான கிராஸ் வராது, இழுப்பு குறையும். முக்கோண ஸ்கேல் வைத்து 45 பார்த்து, கோடு லேசாகச் சாய்ந்தால் சாயட்டும் என்று விட்டுவிடுங்கள். கல்யாண வீட்டில் யாரும் ஸ்கேல் கொண்டுவரப் போவதில்லை.

இப்போது உங்களுக்கு இருக்கும் சிக்கல் வலது முன்பக்கம் ஒன்றுதான். கைக்கு வைத்திருக்கும் துணியில் அதை வெட்டிக்கொள்ளுங்கள். கைக்கு வேறு துணி பார்க்க வேண்டும்.

தைக்கும்போது: ஊசி 9 அல்லது 11. குண்டூசி தையலுக்கு வெளியே விடுகிற இடத்தில் மட்டும் குத்துங்கள், இல்லாவிட்டால் ஓட்டை நிற்கும். பின்னல் குறைவான துணி என்பதால் இறுக்கமாகத் தைத்தால் தையல் ஓரத்தில் நூல் விலகி வாய் பிளக்கும். காட்டன் லைனிங் கட்டாயம் போடுங்கள், இழுவையை அது வாங்கிக்கொள்ளும். லைனிங்கை முதலில் நனைத்துக் காயவைத்து எடுங்கள். மேல்துணியை நனைக்கவே வேண்டாம், தம்பி சொல்கிறபடி ஊடை விஸ்கோஸ் என்றால் சுருங்கும். அயர்ன் உட்பக்கம், மேலே ஒரு மல் துணி போட்டு, தண்ணீர் தெளிக்காமல்.

பழைய குழித்தறி:

மாஸ்டர் சொல்வது சரி. நான் தறியில் உட்கார்ந்தவன், கத்தரி பிடித்தவன் இல்லை. அட்டையை மட்டும் புரட்டலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கோடைக்காற்று:

எர்மெஸ்காரரிடமும் அக்காவிடமும் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். என் ஜீன்ஸைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு காலிலும் கோடு ஒரே பக்கம்தான் சாய்கிறது, எதிரெதிராக இல்லை. இத்தனை வருடம் போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

நகரி தையல்:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

பச்சை நூலை நனைத்து இழுத்தேன். சிலந்தி வலை மாதிரி அறுந்துபோனது. விஸ்கோஸ்தான்.

டீச்சரிடம் இரண்டையும் சொன்னேன். வெட்டியதில் என் தப்பையும் சொன்னேன், ஊடை பட்டு இல்லை என்பதையும் சொன்னேன். முதல் விஷயத்துக்குக் கோபப்படுவார் என்று நினைத்தேன், அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதுக்குத்தான் முகம் சிவந்தது. நேராகக் கடைக்குப் போனார். வெட்டிய துணியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்களாம். அதில் என் பங்கும் இருக்கிறதே என்று தையல் கூலியில் பாதியை விட்டுவிட்டேன். அவர் விட வேண்டாம் என்றார். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

மாஸ்டர் சொன்னபடி கைத்துணியில் வலது முன்பக்கம் வெட்டினேன். பட்டப்பகலில், வாசலில் உட்கார்ந்து. அட்டையைப் புரட்டும் முன் மூன்று தடவை துணியைப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்து வைத்தால் இப்போது ஒரே நீலம், கோடும் நிற்கிறது. கொஞ்சம் ஒரே பக்கம் சாய்கிறது, மாஸ்டர் சொன்ன மாதிரியே. கைக்கு டீச்சரின் அம்மா கட்டிய பழைய பச்சைப் பட்டுப்புடவையில் கிழியாத இடம் கிடைத்தது. அந்தப் பட்டு விறைப்பாக நிற்கிறது, இந்தத் துணி குழைகிறது. கை புஃப் வைக்க அதுவே வசதியாகப் போயிற்று.

முதலில் வெட்டிய வலது முன்பக்கத்தைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. அதைக் கிராஸ் பட்டியாக நறுக்கி, பச்சைப் பக்கம் வெளியே வரும்படி கழுத்துக்குப் பைப்பிங் கொடுத்துவிட்டேன். கையின் பச்சைக்கும் அதற்கும் பொருந்திவிட்டது. மேட்சிங் பைப்பிங் எங்கே வாங்கினாய் என்று பக்கத்து வீட்டுத் தையல்காரி கேட்டாள், நான் சொல்லவில்லை.

பழைய குழித்தறி:

நல்ல வேலை அம்மா. பட்டியைக் கோட்டோடு சேர்த்து நறுக்கினீர்களா, கோட்டுக்குக் குறுக்கேயா?

நகரி தையல்:

ஐயா, தைத்து முடித்துக் கொக்கியும் வைத்தாயிற்று. இனிமேல் இதையெல்லாம் கேட்காதீர்கள்.